11,400 தோல்விகளும் ஒரு வெற்றியும்

கேள்வி: பழைய சிற்றிதழ்களை மின்வருடிப் பாதுகாக்கும் இணையதளம் ஒன்றை நான்கு ஆண்டுகளாக நானே நடத்திவருகிறேன். உபுண்டு இயங்குதளம் கொண்ட வாடகை சர்வர் ஒன்றில், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவியிருக்கிறேன். கணினி என் தொழில் அல்ல. படித்துப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பாதுகாப்பு பிளகினை (துணை நிரலை) சேர்த்தேன். அன்றிலிருந்து ‘உள்நுழைவு தோல்வி’ என்று மின்னஞ்சல்கள் குவிகின்றன. ஒரே இரவில் 11,400 முயற்சிகள். என் பயனர்பெயரையே சரியாகப் போட்டு முயல்கிறார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து 900க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைக் கையால் தடைசெய்துவிட்டேன். புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரோ என்னைக் குறிவைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் தளத்தை அமைக்க உதவிய நண்பர் ஒருவருடன் பிறகு மனக்கசப்பு ஏற்பட்டது. அவராக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. தளத்தையே மூடிவிடலாமா? இன்னொன்று: பத்து நாட்களுக்கு முன் அதிகாலை 3.12க்கு என் பெயரில் வெற்றிகரமாக உள்நுழைந்ததாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பிளகினின் பிழையாக இருக்கலாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளிலிருந்து தொடங்குகிறேன். 11,400 முயற்சிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பிறகு பார்க்கலாம். அவை எங்கும் போய்விடாது. ஆனால் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் பெயரில் ஒருவர் உள்ளே வந்ததாகச் சொல்லும் அந்த ஒற்றை மின்னஞ்சலை, ‘பிழையாக இருக்கலாம்’ என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். தோல்வி என்று வந்த அறிவிப்புகள் எல்லாம், உங்கள் பூட்டு தன் வேலையைச் செய்தது என்பதற்கான சாட்சிகள். வெற்றி என்று வந்த அந்த ஒன்றுதான் விசாரிக்கப்பட வேண்டியது.

இதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. உபுண்டுவில், பக்கங்களை அனுப்பித் தரும் வெப் சர்வர் நிரல்களான அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே தங்கள் அணுகல் பதிவுகளை (யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்ற குறிப்புகளை) வழக்கமாக நாளுக்கொரு கோப்பாகச் சுழற்றி, 14 நாட்களுக்கு மேல் பழையதை அழித்துவிடும். பத்து நாட்கள் கடந்துவிட்டன. ஆகவே எதையும் திருத்துவதற்கு முன், எந்த பிளகினையும் நீக்குவதற்கு முன், சர்வரின் பதிவுக் கோப்புறை முழுவதையும் உங்கள் சொந்தக் கணினிக்குப் பிரதியெடுங்கள். அந்த மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். கோப்புகள் கைக்கு வந்தபின் மீதிக் கடிதத்தைப் படித்தால் போதும்.

இப்போது அந்த 3.12. முதலில், அது யாருடைய 3.12? பெரும்பாலான வாடகை சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸும், நேர மண்டலத்தை நீங்கள் மாற்றும்வரை, பெரும்பாலும் அதே நேரத்தைத்தான் காட்டும். அதிகாலை என்று நீங்கள் நினைத்த வேளை, உங்கள் ஊரில் நீங்கள் தளத்தைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்த வேளையாக இருக்கலாம். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகள் பக்கத்தில் நேர மண்டலம் என்ன என்று பாருங்கள்; அந்த மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பல மணி நேரம் விலகியிருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அப்படியே இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் விரும்புவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பதிவையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பிரதியெடுத்த அணுகல் பதிவில் அந்த நிமிடத்தைத் தேடுங்கள். உள்நுழைவுப் பக்கத்துக்கு வந்த ‘போஸ்ட்’ கோரிக்கைகள் (படிவத்தை நிரப்பி அனுப்பியவை) வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸின் வழக்கமான அமைப்பில், தவறான கடவுச்சொல்லுக்கு அது 200 என்று இருக்கும். பக்கம் மறுபடி காட்டப்பட்டது என்று பொருள். சரியான கடவுச்சொல்லுக்கு 302. நிர்வாகப் பகுதிக்கு அனுப்பப்பட்டார் என்று பொருள். ‘200 என்றால் வெற்றி’ என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். பலர் இந்த இடத்தில் ஏமாந்து, பாதுகாப்பான வரிகளைப் பார்த்துப் பதறி, ஆபத்தான வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

302 வரி கிடைத்ததும் அதிலிருக்கும் ஐபி முகவரியை, நீங்கள் உள்நுழைந்தது உறுதியாகத் தெரிந்த மற்ற நாட்களின் முகவரிகளோடு ஒப்பிடுங்கள். முகவரி வேறாக இருப்பது மட்டும் குற்றத்துக்கு அத்தாட்சி ஆகாது. கைபேசி இணைப்புகளில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதைவிட நம்பகமானது அந்த முகவரி அடுத்த சில நிமிடங்களில் நடந்துகொண்ட விதம். மனிதர் ஒருவர் உலாவியில் நுழைந்தால் படங்கள், பாணிக் கோப்புகள், எழுத்துருக்கள் என்று பத்திருபது கோரிக்கைகள் கூடவே வரும். தானியங்கி நிரல் நுழைந்தால் வெறும் ‘போஸ்ட்’ மட்டும் வரும்; அதைத் தொடர்ந்து நேராக பிளகின் பதிவேற்றும் பக்கத்துக்கோ தீம் திருத்தும் பக்கத்துக்கோ போயிருக்கும். நீங்கள் அங்கே போயிருக்கக் காரணமில்லை என்றால், வந்தது நீங்கள் அல்ல.

அப்படி ஒரு தடயம் கிடைத்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாகி பட்டியலில் அறியாத பெயர் இருக்கிறதா? படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி கோப்பு (சர்வரில் இயங்கும் நிரல்) ஏதேனும் முளைத்திருக்கிறதா? சர்வரில் குறித்த நேரத்துக்கு ஓடும் க்ரான் பணிகளில் நீங்கள் எழுதாதது உண்டா? தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளை வைத்திருக்கும் கோப்பில் உங்களுடையதல்லாத வரி இருக்கிறதா? பலருக்குத் தெரியாத இன்னோர் இடமும் உண்டு. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் ‘செயலிக் கடவுச்சொல்’ என்ற வசதி இருக்கிறது. பயனர் விவரப் பக்கத்தின் அடியில் சத்தமில்லாமல் இருக்கும். உள்ளே வந்தவர் அதில் ஒன்றை உருவாக்கிவிட்டால், நீங்கள் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அது தானாக ரத்தாவதில்லை. முன்கதவின் பூட்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அவர் கையில் வேறொரு சாவி இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாததை நீக்குங்கள்.

இவற்றில் ஒன்றேனும் தென்பட்டால், தயவுசெய்து அந்த சர்வரைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒரு தளத்தை இரண்டு நாட்கள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அண்மையில் மாறிய கோப்புகளை மட்டும் தேடினேன். ஊடுருவியவர் தன் கோப்பின் தேதியை மூன்று ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளி எழுதிவைத்திருந்தார். ஒரே வாரத்தில் திரும்ப வந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: புதிய சர்வர் எடுங்கள், வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் அவற்றின் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்குங்கள், பழையதிலிருந்து தரவுத்தளத்தையும், மின்வருடிய பக்கங்களையும் மட்டும் சோதித்து எடுத்துவாருங்கள். சந்தேக நாளுக்கு முந்தைய காப்பு நகல் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். தரவுத்தளக் கடவுச்சொல், அமைவுக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகள் எல்லாம் புதிதாக வேண்டும். அந்தச் சாவிகளை மாற்றினால், திறந்திருக்கும் உள்நுழைவுகள் அத்தனையும் ஒரே நொடியில் செல்லாமல் போகும். உங்கள் தளத்தில் வாசகர்கள் பதிவு செய்து மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், நடந்ததை அவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது அது.

இனி அந்த 11,400.

உங்களை யாரும் குறிவைக்கவில்லை என்றே நினைக்கிறேன். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். கேட்கப் பெரிய எண். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, நல்ல இணைப்பு கொண்ட ஒரே ஒரு கணினியிலிருந்து, அந்த முகவரிகள் அனைத்தின் ஒரு வாசலையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. அதோடு, உங்கள் தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும்போதெல்லாம் தளத்தின் பெயர் யாரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே பதிவேட்டை பாட்கள் எனும் தானியங்கி நிரல்களும் இரவும் பகலும் படித்துக்கொண்டிருக்கின்றன. தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தாழ்ப்பாளையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பவனுக்கு, உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது.

இந்த முயற்சிகள் மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கியவை என்றும் நான் நம்பவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் நீங்கள் பிளகினைச் சேர்த்தீர்கள். அதுவரை கேட்காத ஓசை அன்றுதான் காதில் விழுந்தது. அதற்கு முந்தைய நாட்களின் பதிவுகள் இந்நேரம் அழிந்துபோயிருக்கும்; இருந்திருந்தால், அங்கேயும் இதே கூட்டம் நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் பயனர்பெயர் எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களை நண்பரை நோக்கித் திருப்பியிருக்கிறது. அதற்கு நண்பர் தேவையில்லை. வேர்ட்பிரஸ் பயனர்பெயரை ஒரு ரகசியமாகவே கருதுவதில்லை. எழுத்தாளர் பக்கத்தின் முகவரியில் வழக்கமாக அது அப்படியே நிற்கும், 4.7 பதிப்பிலிருந்து, இடுகை எழுதியவர்களின் பட்டியலைப் பிற நிரல்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழியும் திறந்தே இருக்கிறது. எனவே பெயரைச் சரியாகப் போடுகிறார்கள் என்பதைக் கொண்டு எந்த மனிதர் மீதும் ஒரு சொல் சொல்ல முடியாது. தயவுசெய்து அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது. அவருடைய பழைய கணக்கும் எஸ்எஸ்எச் சாவியும் சர்வரில் இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள். அது சந்தேகத்தால் அல்ல, பயன்படாத சாவி யாருடையதாக இருந்தாலும் கதவில் தொங்கக் கூடாது என்பதால்.

900 முகவரிகளைத் தடைசெய்தீர்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அத்தனை இரவுகள்! அந்த முகவரிகளில் பலவற்றின் பின்னால் இருப்பது தன் ரவுட்டரோ கேமராவோ வசப்படுத்தப்பட்டது தெரியாத யாரோ ஒருவர். 2016இல் மிராய் என்ற பாட்நெட் (வசப்படுத்தப்பட்ட சாதனங்களின் கூட்டம்), தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத சாதனங்களை இப்படித்தான் லட்சக்கணக்கில் வளைத்தது. அதற்குத் தேவைப்பட்டது அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே. நீங்கள் ஒரு முகவரியை அடைப்பதற்குள் வேறு பத்து வந்துவிடும். அடைத்த முகவரி நாளை உங்கள் வாசகர் ஒருவருக்கே ஒதுக்கப்படலாம். இன்றிரவிலிருந்து அந்த வேலையை நிறுத்துங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவுக்கு 11,400 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 41 லட்சத்து 60 ஆயிரம் முயற்சிகள். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 12ஐ, மனம் போன போக்கில் அல்லாமல் கணினியே குலுக்கிப் போட்டுக் கடவுச்சொல் அமைத்தால், அதற்கு 950 கோடி கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள். இதே வேகத்தில் அவற்றை முழுதும் முயன்று முடிக்க 2,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

ஆனால் யாரும் எல்லாச் சாத்தியங்களையும் முயல்வதில்லை. வேறு எங்கோ கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டுவந்து இங்கே போட்டுப் பார்க்கிறார்கள். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே போயின. அந்தப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு கசிந்தவை ஏராளம். ஆகவே உங்களுக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: தளத்தின் கடவுச்சொல்லை நீங்கள் வேறு எங்காவது, எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ‘ஆம்’ என்றாலோ, நினைவில்லை என்றாலோ, இன்றே மாற்றுங்கள். டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்டு தளத்தில், ஒரு கடவுச்சொல் கசிந்த பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்க்கலாம். கடவுச்சொல் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டின் முதல் ஐந்து எழுத்துகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. புதிய கடவுச்சொல்லைக் கடவுச்சொல் நிர்வாகச் செயலியே உருவாக்கட்டும்; அதுவே நினைவிலும் வைத்துக்கொள்ளட்டும்.

கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு. 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் கைபேசிச் செயலி காட்டும் முறை போதும். கடவுச்சொல் கசிந்தே போனாலும் கதவு திறக்காது. அவசரக் காலக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி தொலைந்த நாளில் தன் தளத்துக்கு வெளியே தானே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வேர்ட்பிரஸ் வாசலை மட்டுமே பேசுகிறது. சர்வருக்கு எஸ்எஸ்எச் என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே தட்டுகிற கூட்டம் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். உபுண்டுவில் அதற்கென்று தனி உள்நுழைவுப் பதிவு உண்டு. அதிலும் ‘ஃபெயில்டு’ வரிகளை விட்டுவிடுங்கள். ‘அக்செப்டட்’ என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றும் நீங்கள்தானா என்று பாருங்கள். பிறகு கடவுச்சொல் மூலம் நுழைவதையே நிறுத்தி, சாவிக் கோப்பு மூலம் மட்டும் நுழையும்படி மாற்றுங்கள். இதைச் செய்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கிற பலருக்கு அது உண்மையில் நடந்திருப்பதில்லை. காரணம் இது: முதன்மை அமைவுக் கோப்பில் நீங்கள் ‘நோ’ என்று எழுதுவீர்கள், ஆனால் பல வாடகை உபுண்டு சர்வர்களில், துணைக் கோப்புறையில் முன்பே வைக்கப்பட்ட சிறு கோப்பு ஒன்று ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் தான் முதலில் படித்ததையே ஏற்கும். முதலில் படிக்கப்படுவது அந்தத் துணைக் கோப்பு. ஆகவே மாற்றியபின் எஸ்எஸ்எச் சேவை நிரலை ஆங்கிலப் பெரிய எழுத்து ‘T’ விருப்பத்துடன் இயக்கி, நடைமுறையில் உள்ள அமைவு என்ன என்று பாருங்கள். மிக முக்கியம்: சோதிக்கும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். புதிய சாளரத்தில் நுழைந்து பார்த்து, நுழைய முடிந்தபின் பழையதை மூடுங்கள்.

முகவரிகளைத் தடைசெய்யும் வேலையை ஃபெயில்2பேன் என்ற இலவச நிரலிடம் விட்டுவிடலாம். சொல்லிவைத்த எண்ணிக்கைக்கு மேல் தோற்ற முகவரியைச் சிறிது நேரம் தானே அடைத்து, தானே திறந்துவிடும். அதன் இயல்பான அளவு 10 நிமிடங்களுக்குள் 5 தோல்வி, 10 நிமிடத் தடை. எஸ்எஸ்எச்சுக்கு உடனே பலன் தரும். வேர்ட்பிரஸுக்குத் தனி விதி எழுத வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் தளத்துக்கு முன்னால் சிடிஎன் சேவை (இடையில் நின்று பக்கங்களை வாசகருக்கு வழங்குவது) ஏதேனும் இருந்தால், பதிவில் விழும் முகவரி அந்தச் சேவையுடையதாக இருக்கும். அப்படியே விட்டால் நிரல் அதையே அடைக்கும். வாசகர்கள் அனைவரும் வெளியே நிற்பார்கள். உண்மையான முகவரியைப் பதிவு செய்யும்படி வெப் சர்வரை முதலில் அமைக்க வேண்டும். அதுவும் அந்தச் சேவையின் முகவரிகளிலிருந்து வரும் தகவலை மட்டுமே நம்பும்படி. நீங்கள் கையால் தடைசெய்த 900இல் அப்படி ஏதும் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பழைய வழியை நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் மூடிவிடுங்கள். அதன் மூலம் ஒரே கோரிக்கையில் பல கடவுச்சொற்களை முயலும் உத்தி 2015இல் பரவலாகக் கையாளப்பட்டது. உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியை மாற்றுவதால் சத்தம் குறையும், அவ்வளவுதான். பயன்படுத்தாத பிளகின்களை முடக்கி வைப்பது போதாது, அழித்துவிடுங்கள். முடக்கினாலும் கோப்புகள் சர்வரில் கிடக்கும், அவற்றில் ஓட்டை இருந்தால் கடவுச்சொல்லே தேவைப்படாது. நான்கு ஆண்டுத் தளத்தில் இப்படிச் சில நிச்சயம் தேங்கியிருக்கும்.

பாதுகாப்பு பிளகினின் அமைப்புகளுக்குப் போய், தோல்விக்கு வரும் மின்னஞ்சலை நிறுத்துங்கள். நிர்வாகியாக யாரேனும் உள்நுழைந்தால், புதிய நிர்வாகி சேர்க்கப்பட்டால், புதிய பிளகின் நிறுவப்பட்டால் மட்டும் மின்னஞ்சல் வரட்டும். மாதத்துக்கு நாலைந்து வரும், ஒவ்வொன்றையும் படிப்பீர்கள். உங்கள் 3.12 மின்னஞ்சல் பத்து நாட்கள் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கு உங்கள் அலட்சியம் காரணம் அல்ல. அது ஆயிரக்கணக்கான தோல்வி அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்திருந்தது.

தளத்தை மூட வேண்டாம். வேறெங்கும் கிடைக்காத இதழ்களை நான்கு ஆண்டுகளாக ஒருவராகவே உட்கார்ந்து ஏற்றியிருக்கிறீர்கள். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கும் நிரல்களுக்காக அதை இழக்கக் கூடாது. மின்வருடிய மூலக் கோப்புகளின் ஒரு பிரதி, இந்த சர்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வட்டில் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், பதிவுகளைப் பிரதியெடுத்த கையோடு அதையும் தொடங்கிவிடுங்கள்.

பிறகு அந்த நிமிடத்தின் வரி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்: நேர மண்டலம் என்ன, எண் 200ஆ 302ஆ, அடுத்து அந்த முகவரி எந்தப் பக்கத்தைத் திறந்தது. இந்த மூன்றும் தெரிந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று உடனே பதில் எழுதுகிறேன்.